எதிர்வெளியில் பன்னிரண்டு பேர்

காலி இடத்தின் விலை அந்த ஓவியக் கல்லூரியில் சதுர அங்குலத்துக்கு அரை மதிப்பெண். பேரம் கிடையாது. விலைப்பட்டியலை வாசலிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டி, பெட்டியைப் பூட்டி, சாவியைத் தொலைத்திருந்தார்கள்.

ஒரு தாளில் பூனை வரைந்தால் பூனை இருக்கிற இடம் நேர்வெளி, பூனை இல்லாத இடம் எதிர்வெளி. ஓவியம் படிக்க வருகிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே சொல்லித் தருகிற பாடம்தான். இரண்டும் ஒரே தாளில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே கண்தான் பார்க்கிறது. ஒன்றின் விளிம்புதான் மற்றதற்கும் விளிம்பு. இதை இப்படியே விட்டுவிட்டால் பிறகு நிர்வாகம் எதற்கு? ஆகவே கல்லூரி, நேர்வெளிக்குத் தரைத்தளத்தில் ஒரு பிரிவும் எதிர்வெளிக்கு மாடியில் ஒரு பிரிவும் அமைத்தது. இரண்டுக்கும் தனி முத்திரை, தனிப் பதிவேடு, தனிக் கழிப்பறை. மாடிக் கழிப்பறையில் தண்ணீர் வராது. அதையும் பிரிவின் சாதனைகளில் சேர்த்து எழுதியிருந்தார்கள்.

இறுதிப் படைப்புக்கு விதி இதுதான். தாள் பத்துக்கு இருபது அங்குலம். மொத்தம் இருநூறு சதுர அங்குலம். அதில் நேர்வெளி நூறு, எதிர்வெளி நூறு. பக்கத்துக்கு ஐம்பது மதிப்பெண். எந்தப் பக்கம் இருபதுக்குக் கீழே இறங்கினாலும் தோல்வி.

மாஸ்டரம்மா அங்கே மாலை வகுப்பு மாணவி. பகலில் ஒரு சட்டைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அந்தப் பெயரே ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. வயது முப்பத்தொன்பது. வருகிற ஒன்றாம் தேதி நாற்பது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் வேலை அவளுக்கென்று எடுத்துவைத்த மாதிரிக் காத்திருந்தது. கேட்டது இரண்டே இரண்டு: கையில் தேர்ச்சிச் சான்றிதழ், நாற்பதைத் தொடாத வயது. ஆக முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் இரண்டு பிரிவும் முத்திரை குத்தியாக வேண்டும். குத்தாவிட்டால் ஆயுசுக்கும் சட்டைதான்.

துணி வெட்டுகிறவர்களின் உலகத்தில் காலி இடம் என்றால் நஷ்டம். மேசைமேல் துணியை விரித்து, சட்டையின் முன்பக்கம், முதுகு, கை, காலர் எல்லாவற்றையும் பல்லும் பல்லும் போல நெருக்கி வரைவார்கள். அதற்கு மார்க்கர் என்று பெயர். வெட்டி முடித்த பிறகும் துணி முழுத்துணி மாதிரியே மேசையில் கிடக்கும். கையால் தூக்கினால்தான் துண்டு துண்டு என்பது தெரியும். துண்டுகளுக்கு நடுவே மிஞ்சியதைச் சாயங்காலம் மூட்டை கட்டி எடை போடுவார்கள். எடை கூடினால் சூப்பர்வைசர் மாஸ்டரைக் கூப்பிட்டு, மூட்டையைப் பார்த்த அதே பார்வையை மாஸ்டர் பக்கமும் திருப்புவார். இருபது வருடம் இடைவெளியை ஒழித்தே பழகிய கைக்கு, "படத்தைக் கொஞ்சம் மூச்சு விட விடும்மா" என்று மாலை வகுப்பு ஆசிரியர் சொன்னது திருட்டுக்குத் துணைபோகச் சொன்ன மாதிரி இருந்தது.

பிறகு ஒரு நாள் மார்க்கர் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கைத்துண்டுக்கும் முதுகுத்துண்டுக்கும் நடுவில் மிஞ்சிய வெள்ளையில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. யார் என்றும் தெரிந்தது. காஜாக்கா.

காஜாக்கா கம்பெனியில் பட்டன் துளைக்கு நூல் கட்டுகிறவள். அவளையும் சேர்த்துப் பதிவேட்டில் பெயர் இல்லாத பெண்கள் பன்னிரண்டு பேர். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் தொழிற்கூட ஆய்வாளர் வந்தார். பன்னிரண்டு பேரையும் துணிக் கிடங்கில் தள்ளி வெளியே பூட்டினார்கள். கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள்: 'இங்கு எவரும் இல்லை என உறுதியளிக்கிறேன்.' பகுதிப் பொறுப்பாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டது மாஸ்டரம்மா. ஆய்வாளர் மூன்று மணி நேரம் இருந்தார். அதில் இரண்டு மணி நேரம் சாப்பிட்டார். கதவைத் திறந்தபோது காஜாக்கா மூட்டைகளின்மேல் மயங்கிக் கிடந்தாள். முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பினார்கள். எழுந்ததும் கதவில் இருந்த தாளைப் படித்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "கையெழுத்து அழகா இருக்கு, மாஸ்டரம்மா."

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியதே இல்லை. பேசியிருந்தால் தேவலை.

மாஸ்டரம்மா தன் இறுதிப் படைப்பைச் செய்தது இப்படி. கறுப்புத் தாளில் ஒரு சட்டையின் பதினொரு துண்டுகளை வெட்டி வெள்ளைத் தாளின்மேல் ஒட்டினாள். ஒரு துண்டும் இன்னொரு துண்டைத் தொடவில்லை. நடுவில் ஓடிய வெள்ளை முழுக்கப் பன்னிரண்டு பெண்கள். குனிந்தவள், ஊசியில் நூல் கோக்கிறவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறவள். ஒருத்தியின் தோளில் அடுத்தவளின் கை. கண் மூக்கு எதுவும் வரையவில்லை. கம்பெனியில் யாரிடம் காட்டினாலும் பன்னிரண்டு பெயரையும் சொல்லிவிடுவார்கள். கறுப்பு நூறு, வெள்ளை நூறு. கட்டிங் மாஸ்டரின் அளவு, மயிரிழை பிசகாது. படத்துக்கு 'சட்டை' என்று பெயர் வைத்தாள்.

இருபத்தெட்டாம் தேதி அவளைக் கல்லூரிக்கு ஸ்கூட்டரில் கூட்டிப் போனவர் அவள் அண்ணன். கடைத்தெருவில் பட்டன், ஜிப், லைனிங் வியாபாரம். நாலு தலைமுறை வியாபாரிகளோடு மல்லுக்கட்டிய வாய். எந்த அலுவலகமும் கடைசியில் ஒரு கடைதான், விலையைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது என்பது அவர் கொள்கை.

நேர்வெளிப் பிரிவில் குமாஸ்தா கட்டம் போட்ட கண்ணாடித் தாளைப் படத்தின்மேல் பரப்பி, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுக் கறுப்புக் கட்டங்களை எண்ணினார். எண்ணிய விரலைப் படத்தின் ஓரத்தில் துடைத்தார்.

"நூறு. கரெக்டா இருக்கு. ஐம்பது மார்க்கு பென்சில்ல போட்டிருக்கேன். மாடில முத்திரை வாங்கிட்டு முழுசா திரும்பக் கொண்டாங்க, இன்னொரு தடவ அளந்து பேனால எழுதுவோம்."

"அதான் அளந்துட்டீங்களே சார்?"

"இப்ப அளந்தது நம்பிக்கைக்கு. அப்ப அளக்கிறது ரெக்கார்டுக்கு."

எதிர்வெளிப் பிரிவு நீளமான கூடம். ஒரு கோடியில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, அதில் கண்காணிப்பாளர். மற்றபடி எதுவும் இல்லை. சுவரில் ஒன்பது பெயர் கொண்ட ஊழியர் பட்டியல் தொங்கியது. தலைக்குமேல் ஒன்பது மின்விசிறிகள் யாருக்கும் இல்லாமல் மெதுவாகச் சுற்றின.

"மத்தவங்கல்லாம் சாப்பிடப் போயிருக்காங்களா சார்?" என்று அண்ணன் கேட்டார்.

கண்காணிப்பாளர் அளவெடுக்கும் ஊசியால் பல் குத்திக்கொண்டிருந்தார். குத்தி எடுத்ததை ஆராய்ந்துவிட்டுப் பதில் சொன்னார். "இது எதிர்வெளிப் பிரிவு. இங்க ஆள் இருந்தா அது நேர்வெளி ஆயிடும். வராதவங்களுக்குத்தான் இங்க பிரசென்ட் போடுவோம். வந்தா ஆப்சென்ட்."

"அப்ப நீங்க?"

"தினமும் வர்றேன், தினமும் ஆப்சென்ட். பதினேழு வருஷமா எனக்குச் சம்பளமே கிடையாது."

அண்ணனுக்கு மனசு இளகிவிட்டது. "அய்யோ. அப்புறம் எப்படி சார் குடும்பம் ஓடுது?"

"மத்த எட்டு பேர் சம்பளத்தையும் யாராவது ஒருத்தர் வாங்கித்தானே ஆகணும்?"

வெறுங்கை முழம் போடுமா என்று ஊரில் கேட்பார்கள். இந்த மனிதர் வெறுங்கையால் முழம் போட்டு, அதை எட்டுப் பேர் பெயரில் விற்றுக்கொண்டிருந்தார்.

கண்காணிப்பாளர் படத்தை மேசைமேல் வைத்துக் குனிந்தார். முகம் சுருங்கியது, சோற்றில் பல்லி கிடந்ததைப் பார்த்த மாதிரி.

"என்னம்மா இது? வெள்ளைல யாரோ இருக்காங்க?"

"என்கூட வேலை பாக்குறவங்க சார்."

"எத்தன பேரு?"

"பன்னெண்டு பேரு."

"எதிர்வெளின்னா காலியா இருக்கணும். பன்னெண்டு பேரக் குடியேத்தி வச்சிருக்கீங்க. யாரக் கேட்டு?"

"யாரையும் குடியேத்தல சார். சட்டைத் துண்டுகள ஒட்டினேன், நடுவுல அவங்க இருந்தாங்க."

"எல்லா ஆக்கிரமிப்பும் அப்படித்தாம்மா சொல்லும்." பதிவேட்டைத் திறந்து எழுதியபடியே படித்தார்: "நூறு சதுர அங்குல எதிர்வெளியில் பன்னிரண்டு நபர்கள் அனுமதியின்றித் தங்கியுள்ளனர். நிகரக் காலியிடம் பூஜ்யம். மதிப்பெண் பூஜ்யம்."

அண்ணன் நாற்காலி தேடினார். கிடைக்காததால் நின்றபடியே பேரத்தில் இறங்கினார். "சார், ஒரு வழி சொல்றேன். பன்னெண்ட ஆறா குறைச்சுக்கிட்டா?"

கண்காணிப்பாளர் விரல் விட்டு எண்ணினார். "ஐம்பது சதுர அங்குலம் காலியாகும். இருபத்தஞ்சு மார்க்கு. தாராளமா பாஸ்."

"பாத்தியா, முடிஞ்சுது! தங்கச்சி, ஆறு பேர அனுப்பிடு."

"எந்த ஆறு பேரண்ணே?"

அண்ணன் படத்தைப் பார்த்தார். கம்பெனியிலிருந்து அவர் கடைக்குப் பட்டன் வாங்க வருகிற முகங்கள்தான் எல்லாம். ஊசியில் நூல் கோக்கிறவள் கடனுக்கு ஜிப் கேட்டு, கொடுத்தால் வாரக்கடைசியில் தவறாமல் தருகிறவள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் விலையைக் கேட்டதுமே "போங்கண்ணே" என்று சிரித்துப் பாதியாகக் குறைக்கிறவள்.

"சரி, விடு" என்றார். "வேற வழி பாப்போம்."

வேறு வழி கேட்டதற்குக் கண்காணிப்பாளர் ஒன்று சொன்னார்: பன்னிரண்டு பேரையும் நேர்வெளிக்கு மாற்றிக்கொள்ளலாம், கீழே ஆட்சேபணையில்லை என்று எழுதி வாங்கி வந்தால் போதும். கீழே குமாஸ்தா கையை விரித்தார். "நேர்வெளி நூறும் சட்டைக்கே சரியாப் போச்சு. இங்க பொம்பளைங்களுக்கு இடமில்ல."

"மேலயும் இடமில்லங்கிறாங்க."

"ரெண்டுலயும் இல்லாதவங்க படத்துலயே இல்லன்னுதானே அர்த்தம்? பின்ன எதுக்கு வந்து கவுண்டர அடைச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

விவகாரம் நிபுணர் குழுவுக்குப் போனது. முப்பதாம் தேதி குழு கூடியது, மூன்று பேர். படத்தை ஒரு சட்டத்தில் மாட்டிக் கூடத்தின் நடுவில் வைத்தார்கள். முதல் நிபுணர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இருபது அடி தள்ளி நின்று, சட்டைதான் தெரிகிறது, பெண்கள் யாரும் இல்லை என்றார். இரண்டாம் நிபுணர் ஒரு சுற்றறிக்கையைக் குழல் மாதிரிச் சுருட்டி அதன் வழியே பார்த்து, பெண்கள்தான் தெரிகிறார்கள், சட்டை எங்கே என்றார். மூன்றாம் நிபுணர் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர் எங்கே என்றார். தேநீர் வந்தது. குடித்து முடித்த கோப்பையைப் படத்தின் சட்டத்தின் மேலேயே வைத்தார். கசடு ஒரு கோடாக இறங்கி முதுகுத்துண்டின் தோள் வரை வந்து நின்றது. மாஸ்டரம்மா முந்தானையால் துடைத்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை; யாரும் அவளைப் பார்க்கவும் இல்லை.

மூன்று மணி நேரம் கழித்து ஒருமனதாகத் தீர்மானம் வந்தது: 'குழு படைப்பைப் பார்த்தது. எதைப் பார்த்தது என்பது குழுவின் அதிகார வரம்புக்கு அப்பாற்பட்டது. முதல்வர் முடிவெடுக்கலாம்.'

"மூணு மணி நேரம்" என்றாள் மாஸ்டரம்மா.

"என்ன?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணே."

முப்பத்தொன்றாம் தேதி மதியம் மூன்று மணிக்கு முதல்வர் அறை. அவருக்குப் பின்னால் சுவரில் பொன்முலாம் பூசிய பெரிய சட்டம் ஒன்று தொங்கியது. உள்ளே ஒன்றுமில்லை, சுவர்தான். முதல்வரின் தலைசிறந்த படைப்பு அது. முன்பொரு சமயம் யாரோ விவரம் தெரியாதவர் அதற்குள் ஓர் ஆணியடித்துக் குடையை மாட்டிவிட்டார். அன்றிலிருந்து பக்கத்தில் ஒரு காவலாளி.

முதல்வர் சாவிக்கொத்தில் ஒரு சாவியால் காது குடைந்துகொண்டே பேசினார். எதிரே இருவர் இருந்தாலும் குரல் இருநூறு பேருக்கானது.

"அம்மா, நல்லாக் கேட்டுக்குங்க. கலைக்கு வெறுமைதான் உயிர். நான் முப்பது வருஷமா ஒரு கோடு போட்டதில்ல. போட்டவங்கல்லாம் எங்க இருக்காங்க? வெளில வெயில்ல இருக்காங்க. நான் எங்க இருக்கேன்?" நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "இந்தக் கல்லூரி எதையும் மறைக்காது. உங்க பன்னெண்டு பேர நாங்க பாக்கலன்னு யாரும் சொல்லிட முடியாது. நல்லாப் பாத்துட்டுத்தான் காலின்னு எழுதுறோம். பாக்காம எழுதினா அது அலட்சியம். பாத்துட்டு எழுதினா அது நிர்வாகம்."

சாவியில் வந்ததை மேசையின் விளிம்பில் தடவினார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நகர்த்தினார்.

"படத்த நீங்க தொடவே வேணாம். இதுல ஒரு கையெழுத்து போட்டாப் போதும். ஐம்பதும் ஐம்பதும் நூறு. நாலரைக்கெல்லாம் சான்றிதழ் வாங்கிட்டுப் போயிடலாம்."

படிவத்தில் ஒரே வரிதான் இருந்தது. 'மேற்படி எதிர்வெளியில் எவரும் இல்லை என உறுதியளிக்கிறேன்.' கீழே ஒரு கோடு.

அண்ணனுக்கு உயிர் வந்தது. பேனாவின் மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார். "போடு, போடு. படம் அப்படியே இருக்கும், அவங்களும் அப்படியே இருப்பாங்க. ஒரு கோட்டுக்கு மேல ஒரு பேரு, அவ்வளவுதானே? இதவிட சல்லிசா எந்தச் சரக்கும் கிடைக்காது."

மாஸ்டரம்மா பேனாவை வாங்கினாள். தாளின் மேல் கையை வைத்தாள். கை அந்த இடத்தை அறிந்திருந்தது.

"அண்ணே, இந்த வாசகத்துக்கு நான் முன்னாடியே ஒரு தடவ கையெழுத்து போட்டிருக்கேன்."

"எப்போ? சொல்லவே இல்லியே."

"சொல்ற மாதிரி இல்ல." பேனாவுக்கு மூடி போட்டு அண்ணன் சட்டைப் பையில் சொருகினாள். முதல்வரைப் பார்த்து, "சார், காலியா இருந்தாத்தான மார்க்கு? காலி பண்ணியே குடுத்துடறேன்" என்றாள்.

முதல்வருக்கு மகிழ்ச்சி. இத்தனை வருடத்தில் சொன்ன வார்த்தைக்கு அப்படியே கட்டுப்பட்ட முதல் மாணவி. கண்காணிப்பாளர் முன்னிலையில், அவர் மேசையிலேயே காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

மாடியில் மணி நான்கு. மாஸ்டரம்மா படத்தை மேசைமேல் படுக்கவைத்து, கீழே ஓர் அட்டையைக் கொடுத்து, பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தாள். வேலையிடத்துக் கத்தி, பிடியில் துணி சுற்றியிருந்தது. கறுப்புத் துண்டின் விளிம்பைப் பிடித்தே கத்தி போனது. முதல் துண்டு காலர். பிறகு கை, பிறகு இன்னொரு கை. கத்தி ஓர் இடத்திலும் நிற்கவில்லை. ஓர் இடத்திலும் பெண்களின்மேல் ஏறவில்லை. அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரும் துணி சம்பந்தப்பட்ட வியாபாரிதான். வெட்டிய சரக்கு மேசையில் எப்படிக் கிடக்கும் என்று அவருக்கும் தெரியும். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, எடுத்த வாயை இருமலாக்கினார்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மாஸ்டரம்மா இரண்டு ஓரத்தையும் பிடித்து வெள்ளையை மெல்லத் தூக்கினாள். பன்னிரண்டு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். தோளும் கையும் ஒட்டியிருந்ததால் ஓர் இழைகூடப் பிரியவில்லை. ஒரே துண்டாக, வலை மாதிரி அவள் கையில் தொங்கினார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கணம் அப்படியே பிடித்திருந்தாள். காஜாக்கா இருந்த பக்கம் லேசாக ஆடியது. பிறகு நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மேசையில் சட்டை கிடந்தது. பதினொரு துண்டும் அதனதன் இடத்தில், ஒட்டிவைத்த மாதிரியே.

"ஆகா!" என்றார் கண்காணிப்பாளர். பதினேழு வருடத்தில் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான். "காலி! சுத்தமான காலி! எத்தனையோ பேர் வெள்ளைத் தாள விட்டுட்டு எதிர்வெளின்னு கொண்டு வந்திருக்காங்க. தாளே இல்லாத எதிர்வெளிய இன்னிக்குத்தாம்மா பாக்குறேன். ஐம்பதுக்கு ஐம்பது! இந்த வருஷத்துக் கேடயமும் உங்களுக்குத்தான்!" மையில் முத்திரையைத் தோய்த்து, காலருக்கும் கைக்கும் நடுவே இருந்த எதிர்வெளியில் ஓங்கிக் குத்தினார்.

முத்திரை மேசைமேல் விழுந்தது.

அதைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மேசையையும் சேத்து கண்காட்சில வச்சிடலாம்" என்றார். தூக்க ஆள் வேண்டும். மற்ற எட்டுப் பேரும் அன்று பிரசென்ட்.

"முதல்ல இதக் கீழ அனுப்பணும், நேர்வெளிக்காரங்க அளக்கணும்" என்று படைப்பைத் தூக்கினார். காலர் மட்டும் கையோடு வந்தது. சட்டை மேசையிலேயே கிடந்தது. காலரை வைத்துவிட்டுச் சட்டையின் இடது கையைப் பிடித்துத் தூக்கினார். இடது கை மட்டும் வந்தது. இரண்டு கையாலும் அள்ளினார். பாக்கெட்டும் முதுகும் விரலிடுக்கில் நழுவித் தரையில் விழுந்தன. கண்காணிப்பாளர் ஒரு கையில் காலரும் ஒரு கையில் மணிக்கட்டுப் பட்டியுமாக, சட்டை எப்படி ஒன்றாக இருந்தது என்று அண்ணனைக் கேட்டார்.

"நடுவுல ஆள் இருந்தாங்களே சார்" என்றார் அண்ணன். "அவங்கதான் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க."

கீழேயிருந்து நேர்வெளிக் குமாஸ்தா கட்டத்தாளோடு மாடி ஏறி வந்தார். தரையையும் மேசையையும் பார்த்தார். விரலை நாக்கில் தொட்டார். எதை எண்ணுவது என்று தெரியாமல் விரலைத் தான் போட்டிருந்த சட்டையில் துடைத்தார். "முழுசாக் கொண்டாங்கன்னு அன்னிக்கே சொன்னேன். இது படைப்பு இல்ல, கழிவு" என்று பென்சிலில் இருந்த ஐம்பதை அழித்து, பேனாவில் பூஜ்யம் போட்டார்.

ஆக, அந்த ஆண்டின் மிகச் சிறந்த படைப்பு அந்த ஆண்டு தோல்வியடைந்தது. கேடயத்தை வழங்க முதல்வர் ஒப்புக்கொண்டார். சான்றிதழை வழங்க விதி ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு உத்தரவிலும் முதல்வர் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டார். மணி ஐந்து அடித்தது. கண்காணிப்பாளர் தனக்கு ஓர் ஆப்சென்ட் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

வாசலில் அண்ணன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் விலைப்பட்டியல் அப்படியே இருந்தது.

"பள்ளிக்கூட வேலை போச்சு" என்றார்.

"போச்சு."

"திங்கக்கிழமை கம்பெனிக்குத்தான்."

"நாளைக்கேண்ணே. ஞாயித்துக்கிழமையும் வேலை இருக்கு."

அண்ணனுக்கு எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் ஓர் இடத்தைவிட்டுக் கிளம்பிப் பழக்கமில்லை. "தாள் இருநூறு சதுர அங்குலம். மேல கிடக்கிற சட்டை நூறு. உன் பையில இருக்கிறவங்க நூறு. அந்தக் காலேஜ்ல நம்ம ஆளுன்னு ஒருத்தரும் நிக்கல. கணக்கு சரியாப்போச்சு, ஏறு."

மாஸ்டரம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"பன்னெண்டு பேரு, ஆளுக்கு மூணு மணி நேரம்" என்றாள். "முப்பத்தாறு மணி நேரம். அது இன்னும் பாக்கிண்ணே."